அளவு சரியாக இருந்தால் கோப்பும் சரியா? உபுண்டு 22.04லிருந்து 24.04க்கு முன்கூட்டியே போவது பற்றி

3 மே 2024, இரவு 8.40 (கேள்வி)

அண்ணா, ஒரு சந்தேகம். லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளம், 22.04 பதிப்பு ஓடுது. 24.04 வந்து எட்டு நாள் ஆச்சு, ஆனா சாஃப்ட்வேர் அப்டேட்டர் புதுசா எதுவும் இல்லைன்னே சொல்லுது. விடுதியில் கூடப் படிக்கிறவன் அதை நிறுவுறதுக்கான ஐஎஸ்ஓ கோப்பை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். அளவு 5.7 ஜிபி. தளத்தில் போட்டிருக்கிறதும் அதே அளவுதான். அளவு சரியா இருந்தா கோப்பும் சரிதானே? இன்னிக்கு ராத்திரியே போட்டுடலாம்னு இருக்கேன்.

3 மே, இரவு 9.25

இன்று ராத்திரி போடாதே தம்பி.

5.7 ஜிபியில் ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் அளவு அதேதான் காட்டும். வேண்டுமென்றே மாற்றுகிறவன் அளவைச் சரியாக வைத்துக்கொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. உன் நண்பன் நல்ல பையனாகவே இருக்கட்டும், அவனுக்கு யார் கொடுத்தார்கள்?

2016 பிப்ரவரி 20ஆம் தேதி லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள் 17.3 சினமன் பதிப்பின் இறக்கச் சுட்டியை வேறு சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அந்தச் சுட்டியைத் தட்டியவர்களுக்கு வந்தது பின்கதவு (வெளியாள் ரகசியமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓ. முகவரி சரி, பக்கம் சரி, கோப்பு மட்டும் வேறு. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இப்படி வரும் என்றால், விடுதியில் கைமாறிய பென்டிரைவை எப்படி நம்புவது?

அப்டேட்டர் காட்டாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுள்ள பதிப்பிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்குப் போகும் வழியை முதல் புள்ளி வெளியீடு, அதாவது 24.04.1 வந்த பிறகுதான் திறப்பார்கள். அது ஆகஸ்டில். உன் 22.04க்கு 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அவசரமே இல்லை.

4 மே, காலை 6.50

ராத்திரி அவசரமாக எழுதினேன். சரிபார்ப்பது எப்படி என்று இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

வெளியீட்டுப் பக்கத்தில் ஐஎஸ்ஓவோடு இன்னும் இரண்டு சின்னக் கோப்புகள் இருக்கும். ஒன்று ஷா256சம்ஸ். ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் 64 எழுத்து நீளத்தில் ஒரு ஹாஷ் அதில் இருக்கும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண் அது, ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும். மற்றது அதே பெயரில் ஜிபிஜி என்று முடியும் கோப்பு, உபுண்டுக்காரர்கள் தங்கள் ரகசியச் சாவியால் முதல் கோப்பின் மீது போட்ட டிஜிட்டல் கையெழுத்து. இரண்டையும் இறக்கிக்கொள்.

முதலில் கையெழுத்தைப் பார், ஹாஷை அப்புறம் பார். பலரும் ஹாஷை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்தை விட்டுவிடுகிறார்கள். மின்ட் விஷயத்தை நினைத்துக்கொள். தளத்துக்குள் புகுந்தவனால் ஐஎஸ்ஓவை மாற்ற முடிந்தால், பக்கத்தில் எழுதியிருக்கும் ஹாஷையும் மாற்ற முடியும். கையெழுத்தை மட்டும் அவனால் போட முடியாது, அதற்கான ரகசியச் சாவி அந்தத் தளத்தில் இருக்காது.

கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவியைக் கீசர்வரிலிருந்து (சாவிகளைச் சேர்த்துவைக்கும் சர்வர்) எடுத்து, அதன் கைரேகை, அதாவது சாவியை அடையாளம் காட்டும் நீண்ட எண், 1092 என்று முடிகிறதா பார்த்துக்கொள். பிறகு கையெழுத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி நிரலில் வெரிஃபை. 'குட் சிக்னேச்சர்' என்று வந்தால், ஷா256சம் நிரலை மைனஸ் சி போட்டு ஓட்டு. ஐஎஸ்ஓ பெயருக்கு நேராக 'ஓகே' வர வேண்டும்.

4 மே, பிற்பகல் 2.15

காலையில் எழுதியதில் இரண்டு தவறு. திருத்திக்கொள்.

கைரேகையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்தால் போதும் என்பதுபோல எழுதிவிட்டேன். போதவே போதாது. கடைசி எட்டு எழுத்து வரை ஒத்துப்போகும் போலிச் சாவிகளை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். 40 எழுத்தும் பொருந்த வேண்டும்.

அதைவிட முக்கியமானது, கீசர்வருக்கே நீ போக வேண்டியதில்லை. உன் லேப்டாப்பில் ஏற்கெனவே 22.04 இருக்கிறது. உபுண்டு கீரிங் என்ற பொதி (பேக்கேஜ்) அதோடு சேர்ந்தே வந்தது. ஐஎஸ்ஓக்களில் கையெழுத்திடும் 2012ஆம் ஆண்டுச் சாவி அதற்குள் இருக்கிறது. யூஎஸ்ஆர் அடைவுக்குள் (ஃபோல்டர்) ஷேர், அதற்குள் கீரிங்ஸ், அதற்குள் உபுண்டு ஆர்க்கைவ் கீரிங் என்ற கோப்பு. ஜிபிஜிவி என்ற சின்ன நிரலுக்கு இந்தக் கோப்பைக் காட்டினால் அதை வைத்தே சரிபார்த்துக் கொடுத்துவிடும். இரண்டு வருஷமாக உன்னிடம் இருக்கும் சாவி, நேற்றுத் தளத்தில் யாரோ மாற்றிவைத்த சாவி இல்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விண்டோஸிலிருந்து முதன்முறையாக வருகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் கைரேகையை இரண்டு மூன்று வெவ்வேறு இடங்களில் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

6 மே, இரவு 10.05

'குட் சிக்னேச்சர் வந்தது, ஆனா கீழே வார்னிங்னு பெரிசா வருது, இந்தச் சாவியை யாரும் நம்பிக்கைக் கையெழுத்தால உறுதிப்படுத்தலைங்குது. கோப்பு கெட்டுப்போச்சா அண்ணா?' என்று கேட்டிருக்கிறாய்.

இந்த எச்சரிக்கைக்கு அப்படிப் பொருள் இல்லை. நீ ஜிபிஜிவிக்குப் பதில் ஜிபிஜியை ஓட்டியிருக்கிறாய். இந்தச் சாவி அவர்களுடையதுதான் என்று நீயோ நீ நம்புகிற ஒருவரோ உறுதி சொல்லவில்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. கையெழுத்து பொருந்துகிறது, சாவி யாருடையது என்பதை நீயே முடிவுசெய்துகொள் என்று பொருள். 40 எழுத்தையும் ஒப்பிட்டுவிட்டாய் என்றால் கையெழுத்து வேலை முடிந்தது, இனி ஹாஷ்தான் பாக்கி. 'பேட் சிக்னேச்சர்' என்று வந்தால்தான் நிறுத்த வேண்டும்.

இந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து சரிபார்ப்பதையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். வருத்தமாக இருக்கும். பாதி தூரம் சரியாக வந்தவர்கள் அவர்கள்.

7 மே, காலை 7.00

ஹாஷ் பொருந்தவில்லையா! நண்பன் கொடுத்த கோப்பை அழித்துவிடு. கெட்ட எண்ணத்தோடு மாற்றியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை, பாதியில் அறுந்த இறக்கமாகவும் இருக்கலாம், பென்டிரைவே பழுதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது உனக்கு வேண்டாம். டோரண்டில் இறக்கு. துண்டு துண்டாகச் சரிபார்த்துக்கொண்டே இறங்கும், இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்தில் தொடரும்.

நண்பனிடமும் சொல்லிவிடு. அதே கோப்பை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தானோ.

12 மே, இரவு 9.40

என் பக்கத்துக் கதை. விருதுநகரில் சின்ன அச்சகம், டிடிபி வேலை, ஏழு கம்ப்யூட்டர். ஏழிலும் 22.04. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புத்தகம். இது வைகாசி முகூர்த்த நேரம், எந்த மெஷினையும் தொட மாட்டேன். ஆனால் மூலையில் எட்டாவதாக ஒரு பழைய மெஷின் சும்மா கிடக்கிறது. அதில் 24.04ஐ நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

ஐஎஸ்ஓ பொருந்தியது, கையெழுத்தும் சரி. பென்டிரைவில் எழுதி பூட் செய்தேன், பாதியில் நின்றது. மறுபடி எழுதினேன், இந்த முறை டெஸ்க்டாப் வந்தது, ஆனால் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் மூடிக்கொண்டது. 24.04தான் சரியில்லை என்று முடிவுகட்டி, புகார் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

எழுதுவதற்கு முன் ஒரு யோசனை. பென்டிரைவில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேனா? இல்லை. மறுபடி எழுதி, பிடுங்கிச் செருகி, ஐஎஸ்ஓ எத்தனை பைட்டோ அத்தனை பைட்டை மட்டும் பென்டிரைவிலிருந்து படித்து ஹாஷ் எடுத்தேன். வேறு எண். இன்னொருமுறை எடுத்தால் இன்னொரு எண். பென்டிரைவ் செத்துக்கொண்டிருக்கிறது. வேறொன்றில் எழுதினேன், ஹாஷ் பொருந்தியது, எல்லாம் ஓடியது.

பிடுங்கிச் செருகுவது முக்கியம். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் இருப்பதையே படித்துக்காட்டி 'சரி' என்று சொல்லிவிடும். பூட் செய்வதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். லைவாக ஒருமுறை ஓடிவிட்டால் மிச்ச இடத்தில் அதுவே ஏதாவது எழுதிவைக்கும், அப்புறம் ஒப்பிடுவதில் குழப்பம் வரும்.

13 மே

பள்ளி லேபுக்காகக் கேட்ட டீச்சருக்கு: பூட் ஆகும்போது ஓடும் சோதனையே போதாதா என்று எழுதியிருந்தீர்கள். பூட் ஆகும்போது திரையில் ஒரு சோதனை ஓடுகிறதே, அது எம்டி5 என்ற பழைய ஹாஷ் வைத்துக் கோப்புகள் சிதைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. ஒப்பிடுகிற பட்டியலும் அதே பென்டிரைவில்தான் இருக்கிறது. சிதைவைக் கண்டுபிடிக்கும், திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்காது. பள்ளி லேபில் இருபது மெஷினுக்கும் ஒரே பென்டிரைவை வைத்துப் போடப்போகிறீர்கள் என்றால் அந்த ஒரு பென்டிரைவுக்காக அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

ஐஎஸ்ஓவைக் கோப்பாகவே எடுத்துப்போக முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஃபேட்32 வடிவில் இருக்கும் பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும்.

2 ஜூன், இரவு 11.20

ஒரு மாதமாகக் கையெழுத்து கையெழுத்து என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாக மனத்தில் ஒரு நெருடல். நான் சொன்னது முழு உண்மையா?

எக்ஸ்இசட் விவகாரத்தை மறுபடி படித்தேன். மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் வெளியே சொன்னார். தொலைவிலிருந்து கம்ப்யூட்டரில் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச்சில் நுழைய ஏன் அரை நொடி கூடுதலாகிறது என்று தேடிப்போனவர். போய்ப் பார்த்தால், கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு. வைத்தது வெளியிலிருந்து புகுந்தவன் இல்லை. ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கும் மேல் பங்களித்து, பராமரிப்பாளர் இடத்துக்கே வந்துவிட்ட கணக்கு. வெளியீட்டுக் கோப்பில் முறைப்படி கையெழுத்தும் போட்டிருந்தது.

அன்றைக்கு நீயும் நானும் சரிபார்த்திருந்தால் என்ன வந்திருக்கும்? 'குட் சிக்னேச்சர்' என்றுதான் வந்திருக்கும்.

யாருக்கு அது போய்ச் சேர்ந்தது என்று பார். டெபியன் டெஸ்டிங், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள், ஓபன்சூசே டம்பிள்வீட். எல்லாம் வேறு லினக்ஸ்கள், புதியதை முதலில் வாங்குகிறவர்கள். 22.04ல் இருந்த நமக்கு 5.2.5தான், வரவேயில்லை. 24.04ன் சோதனைப் பகுதிக்குள் மட்டும் நுழைந்திருந்தது. அதனால்தான் பிப்ரவரி 26க்குப் பிறகு கட்டிய பொதிகள் அத்தனையையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக அமைத்த இயந்திரங்களில் மறுபடி கட்டினார்கள். ஏப்ரல் 4ல் வரவேண்டிய பீட்டா ஏப்ரல் 11க்குத் தள்ளிப்போனது அதனால்தான்.

கையெழுத்து, யார் கொடுத்தது என்பதைச் சொல்கிறது. கொடுத்தது நல்லதா என்று சொல்வதில்லை. என் மெஷினுக்கும் என் வேலைக்கும் ஒத்துவருமா என்பதையும் சொல்வதில்லை. மே 4ஆம் தேதிக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

3 ஜூன், காலை

'அப்படின்னா சரிபார்க்கிறதே வீண்தானே அண்ணா' என்று கேட்காதே. வாசல் கதவைப் பூட்டுகிறோம், ஆனால் உள்ளேயிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு போகலாம். அதற்காகப் பூட்டாமல் இருக்கிறோமா? உன் நண்பனின் ஐஎஸ்ஓவைப் பிடித்ததும், என் பென்டிரைவைப் பிடித்ததும் ஹாஷ்தான். அது அது பிடிப்பதைப் பிடிக்கும். பிடிக்காததற்கு வேறு வழி தேட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வழி இரண்டு. மற்றவர்கள் ஓட்டிப் பார்க்கும் வரை பொறுத்திருப்பது ஒன்று. நாமே ஓட்டிப் பார்ப்பதானால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய மெஷினில் பார்ப்பது இன்னொன்று.

16 ஜூன், ஞாயிறு, இரவு 10.50

எட்டாவது மெஷினில் 22.04ஐ மேம்படுத்திப் பார்த்தேன். புதிதாக நிறுவவில்லை, மேம்படுத்தல்தான். ஏழு மெஷினுக்கும் அதுதான் வேண்டும். முதலில் வேலை செய்யும் ஒரு மெஷினின் டிஸ்க்கை குளோன்ஸில்லா வைத்து அப்படியே இதில் இறக்கினேன். காலி மெஷினில் ஓடினால் என்ன தெரியும்? எங்கள் ஃபாண்ட், எங்கள் பிரின்டர், எங்கள் பழைய ஸ்கிரிப்ட் எல்லாம் இருந்தால்தான் சோதனை.

முதலில் 22.04ன் திருத்தங்கள் எல்லாவற்றையும் போட்டு ரீபூட். பிறகு டெர்மினலில் டூ ரிலீஸ் அப்கிரேட் என்ற கட்டளை, கூடவே மைனஸ் டி. இன்னும் அறிவிக்காத மேம்படுத்தலைக் கொடு என்பதற்கு அந்த டி. முதலில் மேம்படுத்தும் கருவியையே சின்ன டார் கோப்பாக இறக்குகிறது. உடனே, இந்தக் கோப்பை இந்த ஜிபிஜி கையெழுத்தோடு ஒப்பிடுகிறேன் என்று ஒரு வரி காட்டுகிறது. நாம் ஐஎஸ்ஓவுக்குக் கையால் செய்ததை அது தானே செய்துகொள்கிறது. பொதிகளுக்கும் அப்படித்தான், பொதிகளை இறக்கும் ஆப்ட் நிரல் ஒவ்வொரு முறையும் கையெழுத்து பார்த்துத்தான் இறக்குகிறது.

பொதிகள் வரும் வெளியார் மூலங்களை எல்லாம் தானாக அணைத்துவிட்டது. இதை எழுதி வைத்துக்கொள். பிபிஏ என்ற வெளியார் மூலம் வைத்து ஏதாவது போட்டிருந்தால் முடிந்தபின் ஒவ்வொன்றாக நாமேதான் திறக்க வேண்டும்.

8.10க்குக் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் போயிருந்தால் பாதிப் பொதிகள் புதிது, பாதி பழையது என்று நின்றிருக்கும். பொதிகளை நிறுவும் டிபிகேஜிக்கு மைனஸ் மைனஸ் கான்ஃபிகர், மைனஸ் ஏ என்று கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பல நேரம் மீண்டுவிடும். ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். லேப்டாப் ஆனாலும் சார்ஜரைச் செருகிவைத்துத் தொடங்குங்கள்.

இடையில், பிரின்டரை இயக்கும் கப்ஸின் அமைவுக் கோப்பைப் பற்றி ஒரு கேள்வி: உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? என்னுடையதை வைக்கச் சொன்னேன். யோசிக்காமல் எண்டரைத் தட்டுவதற்கு முன் வித்தியாசத்தைக் காட்டு என்று ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஒன்றரை மணி நேரம். ரீபூட். கெர்னல் 6.8, க்னோம் 46. வந்துவிட்டது.

17 ஜூன், இரவு 9.30

வந்துவிட்டது என்று எழுதிவிட்டுத் தூங்கப்போனேன். இன்று வேலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தமிழ்99 விசைப்பலகை சரியாக ஓடுகிறது. பிரின்டர் சரி.

பாமினி என்ற பழைய ஃபாண்ட் முறையில் இருக்கும் உரைகளை யூனிகோடுக்கு மாற்ற நான் வைத்திருக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. 24.04ல் பைத்தான் 3.12. டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய பகுதியை அதில் நீக்கிவிட்டார்கள். என் ஸ்கிரிப்ட் அதைத் தேவையே இல்லாமல் ஓரிடத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு வரியை எடுத்தேன். அப்புறம் பைத்தானின் பிப் கருவி வைத்து நூலகம் (துணை நிரல்) போடப்போனால், இந்தச் சூழலை இயங்குதளம் நிர்வகிக்கிறது, உள்ளே போடாதே என்று தடுக்கிறது. தனி வென்வ் (பைத்தானுக்கான தனிச் சூழல்) உருவாக்கி அதற்குள் போட்டேன். ஒரு வகையில் அதுதான் ஒழுங்கான முறையும்.

ஆப்இமேஜ், அதாவது ஒரே கோப்பாக வரும் செயலி, ஒன்று திறக்கவில்லை. லிப்ஃப்யூஸ்2 வேண்டும், ஆனால் அந்தப் பெயரில் பொதி இல்லை. பெயர் கடைசியில் டி64 சேர்ந்துவிட்டது. 2038 ஜனவரியில் 32 பிட் நேரக் கணக்கு தீர்ந்துபோகும் என்பதற்காக நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றினார்கள், அப்போது ஏகப்பட்ட நூலகங்களுக்கு இந்த வால் சேர்ந்தது. இணையத்தில் பழைய குறிப்பைப் பார்த்துப் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மூன்றாவது விஷயம்தான் என்னைக் கலங்க வைத்தது. மடல் நிரலான தண்டர்பேர்ட் இப்போது ஸ்னாப்பாக (தனி உறைக்குள் ஓடும் பொதி) வருகிறது. அஞ்சல்கள் வைத்திருக்கும் அடைவு ஸ்னாப் அடைவுக்குள் போய்விட்டது. அஞ்சல் எல்லாம் திறக்கிறது, குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் பழைய இடத்தையே நகலெடுத்துக்கொண்டிருந்தது. பிழை எதுவும் காட்டவில்லை, 'முடிந்தது' என்றே எழுதியது. தற்செயலாகத் திறந்து பார்த்தேன், இன்று வந்த மடல் ஒன்றுகூட அதில் இல்லை. வாடிக்கையாளர் சரிபார்த்து 'ஓகே' சொன்ன மடல்கள் எங்களுக்கு ரசீது மாதிரி. பெயர் தப்பாக அச்சாகிவிட்டது என்று சண்டை வந்தால் அதைத்தான் காட்டுவோம். ஏழு மெஷினிலும் நேரடியாகப் போட்டிருந்தால் ஒரு நாள் டிஸ்க் போகும்போதுதான் தெரிந்திருக்கும்.

18 ஜூன், காலை 6.30

விட்டுப்போனது. ஒரே கல்யாணப் பத்திரிகையை 22.04 மெஷினிலும் 24.04 மெஷினிலும் அச்சடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். லிப்ரேஆபிஸ் 7.3லிருந்து 24.2க்குத் தாவுகிறது, அதனால்தான் பார்த்தேன். முன்பக்கம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பின்பக்கத்தில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதியில் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடியிருக்கிறது. தமிழ் ஃபாண்ட்டின் பதிப்பு மாறி வரி உயரம் இம்மி கூடியிருக்கிறது. பழைய ஃபாண்ட் கோப்பை வீட்டு அடைவில் வைத்ததும் சரியானது.

இதை எந்த ஹாஷும் சொல்லாது. அவரவர் வேலையை வைத்து அவரவர்தான் பார்க்க வேண்டும்.

18 ஜூன், இரவு

தம்பி, 'நானும் மைனஸ் டி போடட்டுமா' என்றால் என் பதில்: உனக்கு ஒரே லேப்டாப், அதில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். வேண்டாம். உபுண்டுவில் 24.04லிருந்து 22.04க்குத் திரும்பும் வழி கிடையாது. பேக்கப்பிலிருந்து மீட்பது ஒன்றுதான். பிக்சல் மாதிரி போன்களில் இரண்டு இடம் வைத்து, புதியது எழும்பாவிட்டால் பழையதுக்கே திரும்பும். அங்கேயும் எப்போதும் திரும்ப முடியாது. 2022 ஆகஸ்டில் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பூட்லோடரோடு (போனை எழுப்பும் நிரல்) பழையதுக்குத் திரும்பிப்போகத் தடையும் சேர்ந்தே வந்தது, போட்டவர்கள் 12க்குப் போக முடியவில்லை. போடும் முன் குறிப்பைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

21 ஜூலை, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பு, காலை 4.09க்கு வெளியாகி 5.27க்குத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடம். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொல்லியிருக்கிறது. நம் ஊர் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

யாரும் புகுந்து மாற்றவில்லை. உண்மையான நிறுவனம், உண்மையான வழி. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனதுதான் அடி. எட்டாவது மெஷின் என்று ஒன்று இருந்து, அதில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியிருந்தால்?

21 ஜூலை, சற்றுப் பிறகு

திருத்தம்: நான் எழுதிய நேரங்கள் யூடிசி (உலகப் பொது நேரம்). நமக்கு அது காலை 9.39லிருந்து 10.57 வரை. நம் அலுவலகங்கள் திறக்கும் நேரம்.

டீச்சர் 2018ஐ நினைவுபடுத்தியிருக்கிறார், நன்றி. விண்டோஸ் 10ன் 1809 பதிப்பு. அக்டோபர் 2ல் வந்தது, 'அப்டேட் இருக்கிறதா பார்' என்று தாங்களாகத் தட்டியவர்களுக்கு முதலில். சிலருடைய ஆவணங்களே அழிந்துபோயின, நான்கு நாளில் நிறுத்தினார்கள், நவம்பர் 13ல்தான் திரும்ப வந்தது. இதில் என்னை உறுத்துவது வேறு. முன்னோட்டப் பதிப்பை ஓட்டிய சிலர் கோப்பு அழிகிறது என்று முன்பே எழுதியிருந்தார்கள். கூட்டத்தில் அது மேலே வரவில்லை. முன்கூட்டியே போடுகிறவர் புகாரைத் தெளிவாக எழுத வேண்டும்: எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன நடந்தது, வார் அடைவில் லாக், அதற்குள் டிஸ்ட் அப்கிரேட் என்பதிலிருந்து பதிவுக் கோப்புகள். ஃபாண்ட் விஷயத்தை நான் ஜூன் மாதமே எழுதி அனுப்பினேன், இரண்டு பத்திரிகையின் படத்தோடு.

16 ஆகஸ்ட்

என் திட்டம் இதுதான்: ஆடியில் கல்யாண வேலை கிடையாது. 24.04.1 ஆகஸ்ட் 15 என்று அறிவித்திருந்தார்கள். ஆடி முடிவதற்குள் ஒன்றிரண்டு மெஷினையாவது மாற்றிவிடலாம் என்று இருந்தேன். 29க்குத் தள்ளிவிட்டார்கள். மேம்படுத்தலில் பெரிய பிழைகள் இருப்பதைச் சரிசெய்வதற்காக. நாளை ஆவணி பிறக்கிறது, பத்திரிகை ஆர்டர் வரிசையாக வருகிறது. ஏமாற்றம்தான். ஆனால் பிழையோடு 15ஆம் தேதி கொடுக்காமல் நிறுத்தினார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆவணியில் தொட மாட்டேன். புரட்டாசி.

1 செப்டம்பர்

டீச்சர், ஹாஷ் பொருந்தவில்லை என்று பதற வேண்டாம். உங்கள் ஐஎஸ்ஓ கெடவில்லை. மே மாதம் இறக்கியது 24.04. வெளியீட்டுப் பக்கத்தில் இப்போது இருப்பது 24.04.1, ஷா256சம்ஸ் பட்டியலும் அதற்கானது. பழைய ஐஎஸ்ஓவைப் புதிய பட்டியலோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். பழைய வெளியீடுகளுக்கான தளத்தில் பழைய பட்டியல் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். இனிமேல் ஐஎஸ்ஓவையும் அதன் பட்டியலையும் கையெழுத்தையும் ஒரே அடைவில் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

6 செப்டம்பர்

22.04லிருந்து திறந்த வழியை மறுபடி மூடியிருக்கிறார்கள். மேம்படுத்தும் கருவி பொதிகளின் சார்புகளைக் கணக்கிடும் இடத்தில் கடுமையான பிழை. தம்பி, நீ இரண்டாம் தேதியே போடப்போவதாகச் சொன்னாய், போட்டுவிட்டாயா?

6 செப்டம்பர், இரவு

போடவில்லை என்று படித்ததும் நிம்மதி. தேர்வு வந்தது நல்லதாகப் போயிற்று.

6 அக்டோபர், ஞாயிறு

புரட்டாசி மூன்றாவது வாரம். வழி திறந்துவிட்டது, எட்டாவது மெஷினில் இந்த முறை மைனஸ் டி இல்லாமல் மறுபடி முழுதாக ஓட்டினேன். புதிய குளோன், புதிய ஓட்டம். ஜூனில் பார்த்த நான்கு விஷயத்தைத் தவிர ஐந்தாவதாக எதுவும் வரவில்லை. பேக்கப் ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, திருத்தியதிலிருந்து ஒரு மடலை மீட்டும் பார்த்தேன். நேற்றும் இன்றும் மூன்று மெஷின். மற்ற நான்கும் அடுத்த ஞாயிறு.

13 அக்டோபர், இரவு 9.15

ஏழும் முடிந்தது. ஒன்றில் மட்டும் வெளியார் மூலம் ஒன்றைத் திறக்க மறந்துவிட்டேன், காலையில் திறந்துவிடுவேன்.

தம்பி, உன்னுடையது நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். 'இனி அந்த ஐஎஸ்ஓவை அழிச்சிடலாமா' என்று கேட்டதற்கு: மே மாதத்து ஐஎஸ்ஓவை அழித்துவிடு, 24.04.1ஐ இறக்கி வைத்துக்கொள். லேப்டாப் எழும்பாத அன்றைக்கு லைவாக பூட் செய்து ரிப்போர்ட்டை வெளியே எடுக்க அது வேண்டும். கையெழுத்தை இன்றே பார்த்துவிடு. நண்பனுக்கும் ஒரு பிரதி கொடு, பட்டியலையும் கையெழுத்தையும் சேர்த்து.